பதினேழாம் நம்பர் குழி

சோற்றுப் போசியைத் திறந்து, குழம்பை ஊற்றிப் பிசைந்து, முதல் உருண்டையை வாய்க்குக் கொண்டுபோகிற நேரத்தில்தான் வையாபுரியின் கண் டூல்ஸ் பெட்டியின் மேல்தட்டில் போய் விழுந்தது. விழுந்த கண் அங்கேயே நின்றுவிட்டது. பதினேழாம் நம்பர் குழியில் ஸ்பேனர் இருக்கத்தான் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அது புதுசு இல்லை, பழசு. கைப்பிடியில் துணி டேப் சுற்றி, முனை மழுங்கி, சாக்குப்பை காலத்திலிருந்து அவனோடு கிடக்கிற பழைய பதினேழு, புதுப் பதினேழின் மெத்தையில் கொஞ்சம் கோணலாகப் படுத்திருந்தது. அப்படியென்றால் புதுசு எங்கே? உருண்டை கையிலேயே இருந்தது. பெட்டி வாங்கி ஒரு மழைக்காலம்கூட முழுசாகப் போகவில்லை. சிவப்புப் பெட்டி, இழுக்க இழுக்கத் தட்டு தட்டாக வரும், ஒவ்வொரு தட்டிலும் கறுப்பு ஸ்பாஞ்ச், அந்த ஸ்பாஞ்சில் அந்தந்தச் சாமானின் உருவத்துக்கே வெட்டின குழி. எந்தச் சாமான் திரும்பி வரவில்லையோ அந்தக் குழி வாயைப் பிளந்துகொண்டு காட்டிக்கொடுத்துவிடும். விற்றவன் அதைச் சொல்லித்தான் விற்றான், வையாபுரி அதற்காகத்தான் வாங்கினான். வேலை முடிந்ததும் தட்டின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு தடவு தடவினால் போதும், எது குறைகிறது என்று கையே சொல்லிவிடும். காலையிலும் தடவினான், அவனுக்கு நன்றாக நினைவிருக்கிறது. கை வழுவழுவென்று போனது, எங்கும் பள்ளம் தட்டவில்லை. தட்டாததால்தான் குழந்தைவேலுவின் வேனை மலைக்கு அனுப்பினான். தடவின கைக்குப் பழசு எது புதுசு எது என்று தெரியுமா, இரும்பு இரும்புதானே. பாவி, கண்ணால் பார்த்திருக்கக் கூடாதா என்று அவன் தன்னையே வைதுகொண்டான்.

வேன் போய் ரொம்ப நேரம் ஆகிவிடவில்லை, ஆனால் காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டியிருக்கும். தாண்டியிருந்தால் ஏறத் தொடங்கியிருக்கும். கொல்லிமலை ரோடு அவனுக்கு மனப்பாடம். ஒரு வளைவு முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு, ஒவ்வொன்றிலும் ஸ்டீரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்ப வேண்டும், பாதி ஒடித்தால் வண்டி திரும்பாது, ஒடித்ததை உடனே நேராக்காவிட்டால் அந்தப் பக்கம் பள்ளம். அவன் காலையில் கை வைத்தது ஸ்டீரிங்கில்தான். முன்சக்கரம் இரண்டையும் சேர்த்துத் திருப்புகிற ராடு தேய்ந்து கடகடவென்று ஆடுகிறது, மலைக்குப் போகணும், சாமி காரியம், எப்படியாவது மாத்திக் கொடுத்திருங்ண்ணா என்று குழந்தைவேலு விடிந்ததும் வந்து நின்றான். வண்டிக்குள் சொந்தபந்தம் எல்லாம் ஏறி உட்கார்ந்தாயிற்று. குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்தப் போகிறார்கள். மொட்டை அடிக்கப்போகிற பொடிசு டிரைவர் சீட்டில் ஏறி ஆரனை அடித்துக்கொண்டே இருந்தது, கீழே படுத்திருந்த வையாபுரிக்குக் காதே போய்விடும் போலிருந்தது. பழைய ராடின் நட்டு துருவேறி இறுகிக்கிடந்தது. புதுப் பதினேழைப் போட்டு ஒரு முறை அழுத்திப் பார்த்தான், அசையவில்லை. சுத்தியலால் ஒரு போடு போட வேண்டும். அங்கேதான் கை நின்றது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கின ஸ்பேனர் மேல் சுத்தியலைப் போடுவதா? மனசு வரவில்லை. அதைக் கழற்றி, கழற்றி, எங்கே வைத்தான்? தலைக்கு மேலே, முன் அச்சின் மேல், தட்டையாக இருக்கிற இடத்தில், சத்தம்கூட வராமல் பூப்போல வைத்தான். வைத்துவிட்டு, பழைய சாமானில் துழாவிப் பழைய பதினேழை எடுத்து வந்து அதன் தலையில் ஓங்கிப் போட்டான், நட்டு கழன்றது. மிச்ச வேலை எல்லாம் பழசிலேயே முடிந்தது, கையிலிருந்த அதையே குழியில் படுக்க வைத்திருக்கிறான். ஆமாம், அதன் பிறகு புதுசைத் தொட்டானா? தொட்டிருக்க வேண்டும். தொட்ட மாதிரி ஒரு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது நேற்றைய ஞாபகமா இன்றைய ஞாபகமா என்று பிரிக்க முடியவில்லை.

கையிலிருந்த உருண்டையைப் போசியிலேயே போட்டுவிட்டுக் கையைக் கழுவினானா துடைத்தானா என்று தெரியாது, போனை எடுத்துக் குழந்தைவேலுவுக்கு அடித்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று அந்தப் பொம்பளைக் குரல் அவசரமே இல்லாமல் சொன்னது. மறுபடி அடித்தான், மறுபடி அதே. மலையில் டவர் கிடைக்காது என்பது ஊருக்கே தெரிந்த விசயம், இன்றைக்கு அது புதுசாகத் தெரிகிறது. சரி, முதலில் பட்டறையில் தேடு என்று மனசு சொன்னது, இங்கேயே எங்காவது விழுந்து கிடக்கும், வீணாக எதற்குப் பயப்படுகிறாய். தேடினான். படுக்கிற பலகைக்குக் கீழே, ஜாக்கிக்குப் பின்னால், கழற்றிப்போட்ட பழைய ராடின் பக்கத்தில், ஆயில் டின் அடியில், கொடியில் கிடந்த அழுக்குச் சட்டையின் பைக்குள். ஒவ்வொரு இடத்திலும் கை போவதற்கு முன் இங்கேதான் இருக்கிறது என்று நெஞ்சு ஒரு குதி குதிக்கும், கை வெறுமனே வரும். பார்த்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தான். பெட்டியின் எல்லாத் தட்டையும் இழுத்துப் பார்த்தான். எல்லாம் அதனதன் குழியில் சமர்த்தாகப் படுத்திருந்தன, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு, ஒன்றும் அறியாத மாதிரி மினுமினுத்துக்கொண்டு. அவனுக்கு அந்தப் பெட்டியின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என்னத்துக்கு வாங்கினேன் இந்தச் சனியனை என்று வாய்விட்டே சொன்னான். பழைய சாக்குப்பையாக இருந்திருந்தால் இந்நேரம் சாப்பிட்டு முடித்து ஒரு கண் அசந்திருப்பான், பதினேழு காணோம் என்பதே ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்திருக்கும்.

வேண்டாம் என்று சொன்னவர்கள் இல்லாமல் இல்லை. சீட்டு எடுத்த பணத்தில் அடுப்படிக் கூரை ஓட்டை மாற்றலாம் என்று சாந்தாமணி இரண்டு மழையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், பெண்டாட்டி பேச்சைக் கேட்டவன்தான் அவன், அந்த ஒரு விசயத்தில் மட்டும் கேட்கவில்லை. பெட்டி வந்து இறங்கின அன்றைக்குத் தட்டை இழுத்துப் பார்த்தவள் ஒன்றும் சண்டை போடவில்லை. ஏனுங்க, ஸ்பேனருக்கெல்லாம் மெத்தை போட்டுப் படுக்க வெச்சிருக்கீங்க, நாமதான் ஒழுகற ஓட்டுக்கடில படுத்திருக்கோம் என்றாள், அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூட மறந்திருக்கும். எதிரில் பட்டறை வைத்திருக்கிற அவளுடைய அண்ணன், பேரே பெரியண்ணன்தான், வந்து பார்த்துவிட்டு, மாப்பள சாமானுக்குத் தொட்டில் கட்டியிருக்கான், தாலாட்டுப் பாட ஆள் வெச்சிருக்கானா என்று டீக்கடை முழுக்கச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னான். பெரியண்ணனிடம் இன்றைக்கும் ஒரு கோணிச்சாக்குதான். நல்ல மெக்கானிக்குக் கைதான் சாமான், இந்த மினுக்கெல்லாம் வேலை தெரியாதவனுக்கு என்பான். வையாபுரி பதில் பேசவில்லை. பேசினால் சொல்ல வேண்டியிருக்கும், மலிவு ஸ்பேனர் வழுக்கி வழுக்கி விரல் மூட்டெல்லாம் தோல் உரிந்துகிடப்பதை, சந்தையில் வாங்கின பத்தொன்பது ஒரு நாள் வாய் விரிந்து நட்டின் மூலையையே வழித்து எடுத்துவிட்டதை, கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒரு முறை போய் அந்தச் சுத்தத்தைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் தன் பட்டறைக்குள் நுழையவே கூச்சமாக இருந்ததை. ஆசைப்பட்டான், அதுதான் உண்மை. ஆசைப்பட்டு வாங்கின பிறகு பயம்தான் மிஞ்சியது. திருடு போய்விடுமோ என்று பயம், பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மறுபடி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். கீறல் விழுந்துவிடுமோ என்று பயம். கடைசியில் சுத்தியல் பட்டால் ஸ்பேனர் கெட்டுவிடுமே என்று பயந்தான் பார், அந்தப் பயம் இப்போது மலைமேல் அச்சின் மேல் உட்கார்ந்திருக்கிறது. உபயோகிக்கப் பயப்படுகிறவனுக்கு எதற்கு நல்ல சாமான்? பெரியண்ணனாக இருந்தால் கையில் இருந்ததன் மேலேயே நாலு போடு போட்டு, உடைந்தால் உடைகிறது என்று கழற்றிவிட்டு, அதே கையோடு எழுந்து வந்திருப்பான்.

இல்லை, விழுந்திருக்கும். அச்சின் மேல் வைத்த ஸ்பேனர் எவ்வளவு தூரம் நிற்கும்? பட்டறை வாசலில் இருக்கிற பள்ளத்தில் இறங்கி ஏறும்போதே ரோட்டில் விழுந்திருக்கும். இந்த நினைப்பு வந்ததும் அவன் வெளியே ஓடி வாசல் பள்ளத்தைப் பார்த்தான், சேந்தமங்கலம் ரோட்டில் வெயில் கண்ணைக் கூசும்படி அடித்தது, ரோட்டோரம் கொஞ்ச தூரம் குனிந்துகொண்டே நடந்தான். ஒரு பாட்டில் மூடி, ஒரு ஆணி. ஸ்பேனர் இல்லை. யாராவது எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், நல்ல ஸ்பேனர், பார்த்தவன் விடுவானா. எடுத்திருக்க வேண்டும் கடவுளே, எவனாவது திருடியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தவன் இப்போது திருடனுக்காக வேண்டிக்கொண்டான். விழாவிட்டால்? விழாவிட்டால் அது அச்சின் மேல் தட்டையாக உட்கார்ந்தபடி போகும், நல்ல ரோட்டில் அசையாது, ஏற்றத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகரும், பின்னால்தான் அந்த ராடு. வண்டி நேராகப் போகும்வரைக்கும் ஒன்றும் இல்லை. முழுசாக ஒடிக்கும்போது ராடு அச்சுக்குக் கிட்டே வரும், திரும்ப நேராக்கும்போது விலகும், அந்தச் சந்தில் பதினேழாம் நம்பர் ஒரு முறை குறுக்கே நின்றுகொண்டால் போதும், ஒடித்த ஸ்டீரிங் ஒடித்தபடியே நிற்கும். குழந்தைவேலு இழுப்பான், வராது. பிரேக்கை மிதிப்பான். மிதித்தால் நிற்கும், ஏற்றம்தானே, ஏற்றத்தில் வண்டி மெதுவாகத்தானே போகும், நிறுத்திவிடலாம். ஆனால் எதிரில் ஒரு பஸ் வந்தால்? வளைவில் பஸ் வந்தால் ஒதுங்க வேண்டும். ஏறும்போது ஒன்றும் ஆகாமல் இறங்கும்போது ஆனால்? அவனுக்கு அந்தப் பொடிசின் கை ஞாபகம் வந்தது, ஆரன் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தியது, ஆரன் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருப்பது போலிருந்தது, காதைப் பொத்திக்கொண்டான். பைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்விடலாம் என்று சாவியைக் கையில் எடுத்தான். போய்ப் பிடிப்பதற்குள் அவர்கள் மேலே போயிருப்பார்கள், இல்லையென்றால் ஏறாமலே போய்ச் சேர்ந்திருப்பார்கள். நடுவழியில் போன் வந்தால் எடுக்க முடியாது, தனக்கும் டவர் கிடைக்காது. சாவியை வைத்தான். எடுத்தான். திரும்ப வைத்தான். மறுபடி போன் அடித்தான், அந்தப் பொம்பளைக்கு இன்னமும் அவசரம் இல்லை.

அவன் ரோட்டில் குனிந்து குனிந்து நடந்ததைப் பார்த்துவிட்டுப் பெரியண்ணன் பல்லைக் குத்திக்கொண்டே வந்தான். என்ன மாப்பள தேடற என்றதும் வையாபுரிக்குப் பொய் வரவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். சிரிப்பான் என்று நினைத்தான், பெரியண்ணன் சிரிக்கவில்லை, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். இதை வெளியே சொன்னால் நாளைக்கு ஒரு வண்டி உன் வாசலில் நிற்காது, சேந்தமங்கலம் நாமக்கல் எல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள், டாக்டர் வயிற்றில் கத்தரியை வைத்துத் தைத்த மாதிரி ஸ்டீரிங்கில் ஸ்பேனரை வைத்துத் தைத்து அனுப்பினான் என்று, டிரைவர்களுக்கு வாய் ரொம்ப நீளம். போன் வந்தால் வண்டி எப்படிப் போகுது என்று மட்டும் கேட்டு வைத்துவிடு, சாயந்தரம் இறங்கி வந்ததும் ஆயில் பார்க்கிறேன் என்று சொல்லி அடியில் புகுந்து எடுத்துக்கொள். எல்லாம் யோசனையாகத்தான் சொன்னான், தங்கச்சி புருசன் பிழைப்பு கெட்டுவிடக் கூடாதே என்கிற அக்கறையில்தான் சொன்னான். பிறகு வையாபுரியின் தோளில் கையை வைத்தான்.

"எனக்கெல்லாம் எத்தனை ஸ்பேனர் போயிருக்குது தெரியுமா மாப்பள? ஒண்ணு போனா வேற ஒண்ணு வாங்கிச் சாக்குல போடறது. எங்க போச்சுன்னு எவன் பாத்தான்? யாராச்சும் செத்தா போயிட்டாங்க?"

அவன் போன பிறகும் அந்தக் கடைசிப் பேச்சு வையாபுரியின் காதிலேயே நின்றது. முதலில் அது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆமாம், யார் செத்தார்கள்? தொழில் என்றால் நாலு சாமான் போகும், வரும். தானும் சாக்குப்பை வைத்திருந்தபோது எத்தனை போயிருக்கிறது, போனால் போகிறது என்று சந்தைக்குப் போய் வேறு வாங்கிக்கொண்டு வந்தவன்தானே. பெரியண்ணன் சொன்ன மாதிரியே பேசலாம் என்று முடிவு செய்து, எப்படிக் கேட்பது என்று ஒத்திகை பார்த்தான். தம்பி, வண்டி எப்படிப் போகுது, புது ராடு பாரு, ஒரு தடவை நிறுத்திப் பாத்துக்க. நிறுத்தச் சொன்னால் ஏன் என்பான். நட்டு லூசா இருக்கும்னு ஒரு சந்தேகம் என்று சொல்லலாம், அது கொஞ்சம் மானமாக இருக்கும், நட்டு லூசாவது எல்லா மெக்கானிக்குக்கும் நடப்பது. ஆனால் நட்டைப் பார்க்கச் சொன்னால் அவன் நட்டை மட்டும் பார்ப்பான், நட்டு நன்றாக இருக்குதுங்ண்ணா என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விடுவான். அச்சுக்கு மேலே எட்டிப் பார்க்க அவனுக்கு என்ன தலையெழுத்தா. அப்போது இவன் என்ன சொல்வான்? அச்சுக்கு மேலேயும் பார் என்றால் எதற்கு என்பான். எந்தப் பக்கம் போனாலும் பேச்சு அந்த ஸ்பேனரிலேயே வந்து முட்டிக்கொண்டு நின்றது. உண்மையைச் சொன்னால் பிழைப்பு போகும், சொல்லாவிட்டால், சொல்லாவிட்டால் என்று அவனால் அந்தப் பக்கம் யோசிக்கவே முடியவில்லை. சாந்தாமணிக்குப் போன் செய்யலாமா என்று தோன்றியது. செய்து என்ன சொல்வது, மெத்தையில் படுக்க வைத்தது எழுந்து மலைக்குப் போய்விட்டது என்றா? எடுத்த போனைப் பலகையில் வைத்தான். சோறு காய்ந்துகொண்டிருந்தது, ஈ மொய்த்தது, விரட்டக் கை எழவில்லை. அப்போதுதான் போன் அடித்தது.

"சொல்லுங்ண்ணா, கூப்புட்டிருந்தீங்களாட்ட இருக்குது. இப்பத்தான் டவர் வந்துச்சு" என்றான் குழந்தைவேலு. இன்னும் கொஞ்ச வளைவுதான், ஏறிவிடுவோம் என்றும் சொன்னான். பின்னால் பிள்ளைகள் ஒவ்வொரு வளைவுக்கும் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள், இதோ இன்னொன்று வருகிறது என்று யாரோ ஒரு பொடிசு கத்தியது. ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கே போனது என்று வையாபுரிக்குத் தெரியவில்லை.

"தம்பி, வண்டிய நிறுத்து. வளைவுக்குப் போகாத, நேர் ரோட்டுலயே நிறுத்து. முன் அச்சு மேல ஸ்பேனர வெச்சுட்டு மறந்துட்டேன்."

பிரேக் சத்தம், பிள்ளைகளின் கூச்சல் நின்றது, கதவு திறந்தது, சக்கரத்துக்குக் கல் போடச் சொல்லும் குரல், என்னாச்சுப்பா என்று ஒரு பொம்பளை கேட்டது, எல்லாம் போனுக்குள் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. வையாபுரி கண்ணை இறுக மூடிக்கொண்டான். இருக்கக் கூடாது என்று வேண்டுவதா, இருக்க வேண்டும் என்று வேண்டுவதா? இல்லை என்று சொல்லிவிட்டால் எப்படி நம்புவது, எங்கேயாவது ஒளிந்துகொண்டிருந்தால் என்ன செய்வது? இருக்கட்டும், கண்ணில் படட்டும். குழந்தைவேலு மூச்சு வாங்கிக்கொண்டு திரும்ப வந்தான்.

இருக்கிறது என்றான். அச்சை விட்டு இறங்கி ராடின் மேல் சாய்ந்து கிடக்கிறது, இன்னும் ஒரு விரக்கடை நகர்ந்திருந்தால் சந்தில் நின்றிருக்கும், ராடு உரசி உரசி ஸ்பேனரில் ஒரு பக்கம் கீறல் கீறலாக விழுந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னான். எடுத்துவிட்டாயா, கையில் எடுத்துவிட்டாயா என்று வையாபுரி இரண்டு முறை கேட்டான், எடுத்துவிட்டேன் என்று அவனும் இரண்டு முறை சொன்னான். வையாபுரி பலகையில் உட்கார்ந்தான், கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கத் தோன்றவில்லை. குழந்தைவேலு வைவான் என்று காத்திருந்தான், வைதால் நன்றாக இருக்கும் போலிருந்தது. அவன் வையவில்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்டான். பெட்டியைப் பற்றிச் சொன்னான் வையாபுரி, குழியைப் பற்றி, பழசு புதுசின் இடத்தில் கிடந்ததைப் பற்றி, தட்டுத் தடுமாறி எல்லாம் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே கொஞ்சம் தெம்பு வந்தது. நல்ல பெட்டிதான், வாங்கினது வீண் இல்லை, இன்றைக்கு ஒரு வண்டி உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, சாந்தாமணியிடம் போய்ச் சொல்லலாம், பெரியண்ணன் முகத்துக்கு நேராகச் சொல்லலாம். குழந்தைவேலு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"ஏங்ண்ணா," என்றான், கோபமே இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறவன் மாதிரி, "பொட்டி வந்தது இப்பத்தானுங்களே. அதுக்கு முன்னால எத்தனை வண்டில இந்த மாதிரி விட்டிருப்பீங்க?"

வையாபுரி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். சாக்குப்பையில் கையை விட்டுத் துழாவின நாளெல்லாம் நினைவில் வந்தது. காணாமல் போன பன்னிரண்டு, காணாமல் போன திருப்புளி, மூன்று தரம் வாங்கின பதினாலு, சந்தைக்குப் போய் வேறு வாங்கிக்கொண்டு வந்தால் தீர்ந்தது என்று இருந்தது. ஒன்றுகூட எங்கே போனது என்று அவன் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. பஸ்ஸா, பால்வண்டியா, ஆட்டோவா, பள்ளிக்கூட வேனா?

"தெரியாது தம்பி" என்றான்.

அந்தப் பக்கம் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது, போன் நின்றது. தன் கையால் தட்டி அனுப்பிய வண்டிகள் எல்லாம் இந்நேரம் எந்தெந்த ரோட்டில், யாரை ஏற்றிக்கொண்டு, எந்த வளைவில் திரும்பிக்கொண்டிருக்கின்றன என்று வையாபுரிக்கு ஒன்றுமே தெரியவில்லை.